ஏழாம் ஜயவர்மரும் அவர் அமைத்த ஆரோக்கியசாலைகளும்

கம்போடிய நாட்டின் அங்கோர் நகரத்தைக் காணச் செல்வோர், தா கேவ் என்னும் உயர்ந்த கோயிலை வியந்து நோக்குவர். அதற்கு மேற்கே மரங்களிடையே நிற்கும் சிறு கற்கோயிலைப் பொருட்படுத்துவார் சிலரே. நோயுற்ற ஏழைகளுக்காகப் பௌத்த மன்னர் ஒருவர் அமைத்த ஆரோக்கியசாலையின் வழிபாட்டிடம் அது. அம்மன்னர் ஏழாம் ஜயவர்மர்.

இவருடைய தந்தையார் தரணீந்திரவர்மரும் பகவான் புத்தரின் நெறி நின்றவரே. எனினும் அரியணை இவருக்கு எளிதில் கிட்டவில்லை. சம்பா நாட்டில் இவர் இருந்த காலத்தில் அரசுரிமையைப் பிறர் கவர்ந்தனர். இவரோ பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1177இல் சம்பா நாட்டார் படையெடுத்து வந்து அங்கோரைச் சூறையாடினர். அவர்களை முறியடித்து 1181இல் முடிசூடியபோது, ஜயவர்மர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். கணவரின் பிரிவால் வாடிய அரசி ஜயராஜதேவிக்குப் புத்த தருமத்தைப் போதித்தவர் அவருடைய தமக்கையார் இந்திரதேவி. தங்கை மறைந்தபின் இவரே அரசியானார். பிக்குணிகளுக்குக் கல்வி புகட்டியும், வடமொழியில் கல்வெட்டுப் பாடியும் புகழ் பெற்ற இப்பெருமாட்டியின் வரலாறு தனியே எழுதத் தக்கது.

ஜயவர்மர் தம் அன்னையின் நினைவாக எழுப்பிய தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நாடெங்கும் 102 ஆரோக்கியசாலைகள் இருந்தன எனக் கூறுகின்றது. ஆரோக்கியசாலைகளிலும் தனித்தனியே கல்வெட்டுகள் நாட்டப் பெற்றன. லாவோஸ் நாட்டு வியந்தியேன் நகருக்கு அருகே சாய் போங் என்னுமிடத்தில் கிடைத்தது அவற்றுள் ஒன்று. குடிகளின் நோயைத் தம் நோயினும் பெரிதாக எண்ணி மன்னர் வருந்தினார் என அது தெரிவிக்கின்றது. நோய் தீர்க்கும் பைஷஜ்யகுரு புத்தரே அங்கு எழுந்தருளியிருந்தார். மருத்துவர் இருவர், நீர் காய்ச்சி மருந்து அரைக்கப் பெண்கள் அறுவர், நெல் குத்த இருவர் எனப் பணியாளர் வரையறுக்கப் பட்டனர். தேன், நெய், எள், மிளகு, சீரகம், கருப்பூரம் முதலியன அரசர் பண்டகசாலையினின்று ஆண்டுக்கு மும்முறை வழங்கப் பெற்றன.

இக்கல்வெட்டில் நம் உள்ளத்தைத் தொடுவது மற்றொரு விதி. நான்கு வருணத்தாரும் இங்கே மருத்துவம் பெறலாம் என்பதே அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், சோழ நாட்டுத் திருமுக்கூடலில் 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை இருந்தது. நன்முறையில் நடந்ததாயினும், அது வேதபாடசாலை மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியது. ஜயவர்மரின் வாயிலோ அகலமானது. ஆயினும் நான்கு வருணம் என்று கல்லில் படிக்கும்போது, நான்கிற்கும் புறம்பே நிறுத்தப்பட்ட நம்மனோர்க்கு ஐயம் எழுவது இயல்பே. கம்போடியச் சமூகம் இந்தியச் சாதி முறையில் அமைந்ததன்று. வடமொழிப் புலவர் மக்கள் அனைவரையும் குறிக்கக் கையாண்ட மரபுத் தொடராகவே நாம் இதனைக் கொள்கின்றோம்.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. இச்சாலைகளின் பொருட்டு 838 ஊர்களும், ஆடவரும் பெண்டிருமாக 81,640 பேரும் ஒதுக்கப் பட்டனர். இத்துணை பேரின் உழைப்பின் மேல் நின்ற அறம் அது. சாலையில் வாழ்வோர் வரியாலும் கட்டாய வேலையாலும் வருத்தப்படலாகாது எனவும், அவர்கள் குற்றம் செய்யினும் உயிர்களைத் துன்புறுத்தியோர் மட்டுமே தண்டிக்கப்படுதல் வேண்டும் எனவும் மன்னர் ஆணையிட்டமை அச்சுமையைச் சிறிது குறைத்திருக்கலாம்.

நோயாளர் தங்கிய மனைகள் மரத்தாலானவை. அவை மண்ணோடு மண்ணாயின. செம்புறைக்கல்லாலும் மணற்கல்லாலும் கட்டிய சிறு கோயிலும், சுற்று மதிலும், குளமுமே எஞ்சின. மன்னர் மறைந்தபின், 13ஆம் நூற்றாண்டிலேயே, அவர் எழுப்பிய கோயில்களில் புத்தர் உருவங்கள் பல செதுக்கி அழிக்கப்பட்டன. சில இலிங்கமாக மாற்றப்பட்டன. ஆரோக்கியசாலைகளின் பெயரும் மக்கள் நினைவினின்று அகன்றது. தாய்லாந்தின் பீமாய் நகரிலுள்ள சாலைக் கோயிலை ரிஷியின் குடில் என்றே அங்குள்ளோர் அழைக்கின்றனர். பௌத்தக் கட்டடம் ஒன்று பெயர் மாறி நிற்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயின் அந்நாட்டிலேயே சையபூம் நகரில் உள்ள பிராங் கூ என்னும் சாலைக் கோயிலில், மக்கள் ஆண்டுதோறும் புத்தர் திருவுருவுக்கு நீராட்டு விழா எடுத்து வருகின்றனர்.

அங்கோர் தொம் நகரின் வாயில்களுக்கு வெளியே நான்கு ஆரோக்கியசாலைகள் இருந்தன. அவற்றுள் வடக்கே அமைந்த தொன்லே சங்குவோத் என்னுமிடத்தில் 2017இல் அகழ்ந்தபோது, ஏறத்தாழ ஆளுயரமுள்ள மணற்கல் காவலர் சிலை ஒன்று வெளிப்பட்டது. கைகளும் கால்களும் முறிந்திருந்த அதனைச் சியெம் ரீப் நகர அருங்காட்சியகத்திற்கு எடுத்துச் சென்றனர்.