மின்கணக்கு வகுத்த ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுக் கொல்லர் ஒருவரின் மைந்தராகத் தோன்றினார். பள்ளிப்படிப்புப் பெறாத தந்தை, தாமே முயன்று கற்ற கணிதத்தைப் புதல்வர்க்குப் போதித்தார். பத்து வயதில் தாயை இழந்த சிறுவருக்கு அதுவே பெருஞ்செல்வமாயிற்று.

கொலோன் நகரில் பள்ளியாசிரியராக அமர்ந்த ஓம், சோதனைக் கருவிகளைத் தம் கையாலேயே அமைத்தார். தந்தையிடம் பயின்ற கைத்திறன் துணை நின்றது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே கம்பியின் தடை என்னும் உண்மையை 1827-இல் நூலாக வெளியிட்டார். கற்றோர் பலர் அதனை மதித்திலர். மனம் நொந்து வேலையைத் துறந்தார். ஆண்டுகள் சில வறுமையில் கழிந்தன. 1833-இல் நூரம்பர்க்கில் பணி கிட்டியது. 1841-இல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1854-இல் மியூனிக்கில் காலமானார். 1881-இல் பாரிஸ் மாநாடு தடையின் அலகிற்கு அவர் பெயரையே ஏற்றது.

மட்டாஞ்சேரியில் நம் இல்லத்து இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் கொள்ளுமாயின், வகுத்தால் தடை 57.5 ஓம், பெருக்கினால் திறன் 920 வாட். வகுத்தல் ஓம் காட்டிய வழி. பெருக்கலுக்கு வழி திறந்தது ஜூல் என்பார் 1841-இல் வெளியிட்ட வெப்ப விதி. ஒரு மணி நேரம் தேய்த்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாம்.

பிழைப்பை நாடிக் கொச்சி வந்த நம்மில் பெரும்பட்டம் பெற்றோர் சிலரே. ஆயினும் வேலை முடிந்து திரும்பும் தந்தை, நாளும் அரைமணி நேரம் மக்களருகே அமர்ந்து தாம் அறிந்ததைச் சொல்லித் தரலாமன்றோ? பூட்டுக் கொல்லர் செய்ததும் அவ்வளவே.