சைக்கிள் டைனமோவுக்குள் இருந்த மனிதர்

1990இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. நான் விபரம் தெரிந்து வளர்ந்தது ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்தான். ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியாதே. இரவானதும் அப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லுகள் இரண்டும் மேலே. பின்சில்லு ரயரில் டைனமோவின் தலையைச் சாய்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களை ரேடியோவுக்குக் கொண்டுபோவார். நேரே கொடுத்தால் ரேடியோ இரையும் என்று, ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நடுவில் ஒரு டயோட்டும் கொண்டென்சரும் வைத்து ஒட்டித் தந்திருந்தார். பெடலைக் கையால் சுத்துவது என் வேலை. முற்றத்தில் அயலவர்கள் கூடியிருப்பார்கள்.

கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் குறையும். நிறுத்தினால் குரலும் நின்றுவிடும். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று சொல்லவரும் இடத்தில் நான் சோர்ந்துபோனால் எல்லோரும் ஒரே குரலில் என் மீது பாய்வார்கள். அந்த டைனமோவுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது, அது சுழலுவதால்தான் மின்சாரம் வருகிறது என்று பிறகு விஞ்ஞானப் பாடத்தில் படித்தேன். பாடப் புத்தகத்தில் மைக்கல் பரடே என்ற பெயர் இரண்டே வரியில் வந்துபோனது. அவரும் படிக்க வழியில்லாத வீட்டில் இருந்து வந்தவர் என்பதை அந்த இரண்டு வரியில் யாரும் சொல்லவில்லை.

பரடே 1791 செப்ரெம்பர் 22இல் லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பன் ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர். வருத்தக்காரர், பட்டறைக்குத் தினமும் போக உடம்பு விடாது. நான்கு பிள்ளைகளில் மைக்கல் மூன்றாமவர். பிரான்சுடன் யுத்தம் நடந்த காலம் அது. 1801இல் தானிய விலை ஏறியபோது, ஒரு கிழமைக்கென்று அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பாண் கொடுக்கப்பட்டதாம். நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது. பள்ளிக்கூடத்தில் கிடைத்தது எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் மட்டும். கணிதம் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை.

13 வயதில் பிளான்ட்ஃபோட் வீதியில் ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அங்கே பத்திரிகை வாடகைக்கு விடுவார்கள். காலையில் ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் வாசித்து முடிந்ததும் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வருடமே ரீபோ அவரைப் பணம் எதுவும் வாங்காமல் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பழகுநராக எடுத்தார். ஏழு வருட ஒப்பந்தம். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் பையன் வாசிக்கத் தொடங்கினான். பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செற் என்ற பெண்மணி சாதாரண வாசகருக்காக எழுதிய இரசாயன நூலும் அவனைப் பிடித்துக்கொண்டன. கையில் கிடைத்த சில்லறைக்குச் சாமான் வாங்கி, வாசித்ததைச் செய்துபார்த்தான். ரீபோ அதைத் தடுக்கவில்லை. இப்படி ஒரு முதலாளி வாய்ப்பது அந்தக் காலத்தில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் அரிதுதான்.

1810இல் தகப்பன் இறந்தார். தனியார் விஞ்ஞான வகுப்பு ஒன்றுக்குப் போக ஒரு தடவைக்கு ஒரு சில்லிங் வேண்டும். கொல்லுப்பட்டறையில் உழைத்த தமையன் ரொபர்ட் அதைக் கொடுத்தார். 1812இல் கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர், றோயல் இன்ஸ்ரிரியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். டேவி அப்போது நாடறிந்த இரசாயனவியலாளர். பரடே நான்கு விரிவுரைகளையும் கேட்டு, குறிப்புகளை விரித்து எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே அழகாகக் கட்டி, அந்த வருட இறுதியில் டேவிக்கு அனுப்பிவைத்தார். புத்தகம் கட்டத் தெரிந்தவனின் வேலை விண்ணப்பம்!

உடனே வேலை கிடைக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர் சண்டை பிடித்து வேலையை இழந்தபோதுதான் இடம் வெறுமையானது. 1813 மார்ச் 1ஆம் திகதி பரடே சேர்ந்தார். கிழமைக்கு 25 சில்லிங், மேல்மாடியில் இரண்டு அறை, எரிபொருளும் மெழுகுதிரியும்.

அதே வருட ஒக்ரோபரில் டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம். இரு நாடுகளும் யுத்தத்தில் இருந்தபோதும் நெப்போலியன் டேவிக்கு அனுமதி கொடுத்திருந்தார். பரடே போனது விஞ்ஞான உதவியாளராக. ஆனால் டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்ததால் அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி இவரை வேலைக்காரனாகவே நடத்தினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று அவர் யோசித்த நாட்களும் உண்டு. ஆனால் பரிசில் அம்பியரையும் மிலானில் வயதான வோல்ற்றாவையும் கண்டது அந்தப் பயணத்தில்தான். ஒன்றரை வருடத்தில் பல்கலைக்கழகம் ஒன்றைச் சுற்றிவந்ததுபோல் திரும்பினார்.

காந்தத்தின் கதை இவர் வாழ்க்கைக்குள் வருவது 1820இல். கொப்பன்ஹேகனில் ஏர்ஸ்ரெட் என்ற பேராசிரியர், மின்னோட்டம் போகும் கம்பிக்குக் கிட்ட வைத்த திசைகாட்டி ஊசி திரும்புவதை அறிவித்தார். அதுவரை காந்தம் வேறு, மின்சாரம் வேறு என்றுதான் பொதுவான எண்ணம். 1821 செப்ரெம்பரில் பரடே ஒரு பாத்திரத்தில் பாதரசம் விட்டு, நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் போனதும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைய மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டருக்கும் மூத்த முன்னோடி அதுதான். முடிவை அவசரமாக வெளியிட்டார். அதே விடயத்தில் முயன்றுகொண்டிருந்த வொலஸ்ரன் என்ற பெரியவரின் பெயரை அதில் குறிப்பிடத் தவறினார். களவு என்ற பேச்சு எழுந்தது. களவு இல்லை, ஆனால் கவனக்குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. 1823இல் றோயல் சொசைற்றி அங்கத்துவத்துக்கு இவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதை எதிர்த்தவர் அதன் தலைவராக இருந்த டேவியேதான். கைதூக்கிவிட்டவர் தோளளவு வளர்ந்தவனைத் தாங்கமுடியாமல் போவது எந்த ஊரிலும் நடப்பது. 1824 ஜனவரியில், ஒரேயொரு எதிர் வாக்குடன் பரடே தெரிவானார். டேவியைப் பற்றிக் கடைசிவரை மரியாதையாகவே பேசினார்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்றால், காந்தம் ஏன் மின்சாரத்தை உண்டாக்கக் கூடாது? இந்தக் கேள்வியைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1825இலும் 1828இலும் முயன்று தோற்றார். தோற்றவர் அவர் மட்டுமல்ல. ஜெனீவாவில் கொலடோன் என்பவர் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளிப் பார்த்தார். காந்தம் நேரே ஊசியை இழுத்துவிடக் கூடாதே என்று, கல்வனோமானியை நீண்ட கம்பியால் தொடுத்து அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தைத் தள்ளிவிட்டு நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் ஊசி அசைந்து பழையபடி நின்றுவிட்டது. கண்டுபிடிப்பு நடந்தது, பார்க்க ஆள் இல்லை.

எல்லோரும் எதிர்பார்த்தது, காந்தம் சும்மா இருந்தாலே சுருளில் தொடர்ந்து மின்சாரம் ஓடும் என்பதை. 1831 ஓகஸ்ட் 29இல் பரடே ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றை எடுத்து, அதன் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பியைத் தனித்தனிச் சுருள்களாகச் சுற்றினார். கம்பிகள் ஒன்றோடொன்று முட்டாமல் நூலும் துணியும் இடையில் வைத்தார். ஒரு சுருளை மின்கலத்தில் தொடுத்தபோது மற்றச் சுருளின் பக்கம் இருந்த ஊசி துடித்து, உடனே நின்றது. கழற்றியபோது மறுபடி, எதிர்த் திசையில் துடித்தது. இடைப்பட்ட நேரத்தில் ஒன்றுமே இல்லை. ஒக்ரோபர் 17இல் வெறும் சட்டக் காந்தம் ஒன்றைச் சுருளுக்குள் தள்ளி இழுத்தார். தள்ளும்போது ஒரு பக்கம் ஊசி போனது, இழுக்கும்போது மறுபக்கம், வைத்திருந்தால் அசைவில்லை. மின்சாரம் தருவது காந்தத்தின் இருப்பு அல்ல, அதன் அசைவு. நான் பெடலை நிறுத்தியதும் ரேடியோ ஏன் வாய்மூடியது என்பதற்குப் பதில் அந்த ஒக்ரோபர் நாளில் இருக்கிறது.

ஒக்ரோபர் 28இல் பெரிய காந்தம் ஒன்றின் முனைகளுக்கு இடையில் செப்புத் தட்டைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு வராத தொடர் மின்னோட்டத்தையும் எடுத்தார். பத்து வருடத் தேடல் இரண்டு மாதத்தில் முடிந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியரும் தனியாக இதையே கண்டிருந்தார், வெளியிடப் பிந்திவிட்டார். அடுத்த வருடம் பரிசில் பிக்சி என்பவர், காந்தத்தைக் கைபிடியால் சுழற்றும் இயந்திரம் செய்தார். சுருள் அசையாமல் நிற்க, காந்தம் சுற்றியது. எங்கள் சைக்கிள் டைனமோவும் அதே அமைப்புத்தான். லக்சபானவில் தண்ணீர் விழுந்து சுழல்வதும் நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்து சுழல்வதும் அதே தத்துவத்தில்தான். பரடேயின் அந்த வளையம் இன்றும் லண்டனில் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் இருக்கிறது.

1840 அளவில் அவருக்குத் தலைச்சுற்றும் ஞாபக மறதியும் வந்தன. மனைவி சாராதான் அருகில் இருந்து பார்த்தார், பிள்ளைகள் இல்லை. சில வருடங்கள் ஆய்வுகள் ஓய்ந்துபோயின. அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 1844 செப்ரெம்பரில் டரம் பகுதியில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். குடும்பங்களின் சார்பில் கோரிக்கை எழ, அரசாங்கம் பரடேயையும் புவியியலாளர் லயெலையும் மரண விசாரணைக்கு அனுப்பியது. சுரங்கத்துக்குள் இறங்கிய பரடே, வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று விசாரித்தார். அவர் உட்கார்ந்திருந்ததே வெடிமருந்துப் பைக்கு மேல்தான். பக்கத்தில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது! விசாரணை தற்செயல் மரணம் என்று முடிந்தது. பரடேயும் அந்தத் தீர்ப்புடன் ஒத்துப்போனார். ஆனால் நிலக்கரித் தூசும் வெடிப்பைப் பெருப்பித்தது என்றும், காற்றோட்டத்தைத் திருத்தவேண்டும் என்றும் இருவரும் அறிக்கை எழுதினார்கள். செலவு அதிகம் என்றார்கள் சுரங்க உரிமையாளர்கள். அறிக்கை அலுமாரிக்குள் போகும் கதை எங்களுக்குப் புதிதில்லை.

இன்னொரு கதையையும் தொடவேண்டும். கிரிமிய யுத்தத்தில் நச்சுவாயு செய்து தரும்படி அரசாங்கம் கேட்டதாகவும், மனச்சாட்சி காரணமாகப் பரடே மறுத்ததாகவும் இணையத்தில் பரவலாக இருக்கிறது. யுத்தத்தைக் கண்டவள் என்ற முறையில் அதை அப்படியே நம்ப எனக்கும் விருப்பம். ஆனால் ஆவணங்களில் தெரிவது வேறு. கந்தகத்தை எரித்து வரும் புகையை எதிரியின் கோட்டைமீது விடும் திட்டத்தை டண்டொனால்ட் பிரபு முன்வைக்க, 1854இல் கடற்படைத் தரப்பு பரடேயிடம் அபிப்பிராயம் கேட்டது. கோட்பாட்டளவில் சரி, நடைமுறையில் பலிக்குமா என்பது சந்தேகம் என்ற பாணியில் அவர் எச்சரிக்கையாகப் பதில் எழுதினார். திட்டம் கைவிடப்பட்டது. அறம் பற்றிய முழக்கம் அந்தப் பதிலில் இல்லை. நல்ல மனிதர் ஒருவருக்கு நாங்கள் விரும்பும் வசனத்தை வாயில் வைக்கத் தேவையில்லை.

1845இல் காந்தம் ஒளியையும் பாதிக்கும் என்று காட்டினார். பாரமான கண்ணாடி ஒன்றின் ஊடாகப் போன ஒளியின் தளம், காந்தத்தின் முன் திரும்பியது. அந்தக் கண்ணாடி, பல வருடம் முன் அரசாங்கத் தேவைக்காக முயன்று பெரிய பயன் தராமல் போன வேலையின் மிச்சம். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் போடும் கோலத்தை வெறும் படமாக அவர் பார்க்கவில்லை. வெளி முழுவதும் விசைக் கோடுகள் உண்மையிலேயே பரவி இருக்கின்றன என்று நம்பினார். கணிதம் இல்லாததால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. இளைஞரான மக்ஸ்வெல் அதைக் கணிதமாக்கினார். 66 வயதில் பரடே அவருக்குக் கடிதம் எழுதி, சமன்பாட்டில் சொல்லும் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதித் தரமுடியாதா என்று கேட்டார். அந்தச் சமன்பாடுகளில் இருந்துதான் வானொலி அலை பற்றிய எதிர்வுகூறல் பிறந்தது. ஆக, எங்கள் முற்றத்தில் டைனமோவும் ரேடியோவும் இரண்டுமே அவர் வழியாக வந்தவை.

றோயல் சொசைற்றியின் தலைவர் பதவியை மறுத்தார். சாண்டிமானியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். பட்டமும் பதவியும் அந்த நம்பிக்கையோடு ஒட்டவில்லை. நத்தார் காலத்தில் சிறுவர்களுக்காக 19 தடவைகள் விரிவுரைத் தொடர் நடத்தினார். கலங்கரை விளக்கங்களின் ஆலோசகராக, 1860 குளிர்காலத்தில், 68 வயதில், பனி மூடிய வயல்களையும் வேலிகளையும் கடந்து, காந்த இயந்திரத்தால் எரிந்த விளக்கைப் பார்க்க டோவர் பக்கம் போனார்.

1867 ஓகஸ்ட் 25இல், மகாராணி கொடுத்த ஹம்ப்ரன் கோர்ட் வீட்டில், கதிரையில் இருந்தபடி இறந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹைகேற் மயானத்தில், அரச சபையைச் சேராதோருக்கான பகுதியில் புதைத்தார்கள். கல்லில் பெயரும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் மட்டும்.