படுக்கையில் ஏறெடுத்த ஸ்தோத்திர பலி



உப்பள வரப்பில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்து, மூன்று மாதம் நான் படுக்கையில் கிடந்ததைச் சபையார் அறிவீர்கள். பார்க்க வந்தவங்க எல்லாரும் எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாங்க. வாய் சொன்னது, உள்ளம் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனையில் கைதட்டித் துதித்த எனக்கு, கூலியில்லாமல் வீட்டில் கிடந்தபோது ஒரு அல்லேலூயா வரவில்லை. அந்த நாட்களில் தேவன் எனக்கு நினைப்பூட்டியது ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஜீவியத்தை.

அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பண்ணைவிளையில் தங்கி, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். 1901 மார்ச் மாதம், பெருங்குளத்தில் கோவிலுக்கென்று விடப்பட்டிருந்த ப்ரீனா என்ற சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒருமுறை அந்தப் பிள்ளை நம்ம தூத்துக்குடியில் இருந்த தாயிடமே ஓடி வந்திருந்தாள். பயந்துபோன தாய் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். அந்த ஒரு பிள்ளையில் தொடங்கிய ஊழியம் டோனாவூரில் வேரூன்றி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வீடாயிற்று.

1931 அக்டோபர் 24 அன்று காலையில், உமக்கு ஊழியஞ்செய்ய என்னைத் தகுதிப்படுத்த எதையும் செய்யும் என்று அம்மையார் ஜெபித்தார். அன்று மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாய்த் தோண்டிய குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. சீக்கிரம் எழும்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஏறக்குறைய இருபது வருஷம், 1951 ஜனவரி 18-ல் கர்த்தரிடம் சேரும் வரைக்கும், பெரும்பாலும் அந்த அறையே அவருடைய உலகம்.

வலி தூக்கத்தைக் கெடுத்தது. அதை அவர் மறைக்கவில்லை, இனிப்பு என்றும் சொல்லவில்லை. சுகமாயிருக்கிறவர்களின் ஆறுதல் வார்த்தை நோயாளியின் உள்ளத்தை எட்டுவதில்லை என்று கண்டார். ஆகவே நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார்; அது 1933-ல் புத்தகமாக வந்தது. படுத்தபடியே பிள்ளைகளுக்காக ஜெபித்தார், கடிதம் எழுதினார், பாட்டு எழுதினார். கல்லறைக் கல் வேண்டாம் என்றிருந்தார். பறவைகளை நேசித்த அவருக்காக, பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள்.

பிரியமானவர்களே, இதிலிருந்து நான் கற்றது ஒன்று. துதி என்பது வலி இல்லை என்று சொல்வதல்ல. வலியோடேயே தேவனிடம் வருவது. வேதம் அதைப் பலி என்கிறதே! பலி என்றால் நமக்கு ஏதாவது செலவாக வேண்டும் அல்லவா?

அடுத்த நாள் காலையில், வலிக்குது ஆண்டவரே என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு, பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்த கஞ்சிக்காக நன்றி சொன்னேன். மறுநாள் இன்னொன்று. உள்ளம் மெல்ல வாயோடு சேர்ந்துகொண்டது. கால் சுகமாவதற்கு முன்பே முறுமுறுப்பு போயிற்று.

நம் கடலின் சிப்பி, உள்ளே புகுந்து உறுத்துகிறதை வெளியே தள்ள முடியாதபோது, மேல்மேல் பூசி மூடுகிறது, அதுதான் முத்தாகிறது. ஒவ்வொரு நாளின் ஸ்தோத்திரமும் அப்படி ஒரு பூச்சு.

இப்போது நோயாளியைப் பார்க்கப் போனால், ஸ்தோத்திரம் சொல்லுங்க என்று நான் முந்துவதில்லை. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து துதிக்கிறோம்.

கர்த்தர் தாமே அந்தக் கிருபையை உங்களுக்கும் தருவாராக. ஆமென், அல்லேலூயா!