திரையையும் ஏட்டையும் அறிந்த கல்கி

2022 செப்டம்பர் 30ஆம் தேதி ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் திரைக்கு வந்தபோது, மலேசியா, சிங்கப்பூர் திரையரங்குகளிலும் கூட்டம் குறைவில்லை. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தனர். நாவலைப் படித்தவர்கள், அது இல்லை, இது இல்லை என்று விடுபட்டதைக் கணக்கெடுத்தனர். படிக்காதவர்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டனர். நாவலின் நாயகன் அருள்மொழிவர்மனே பின்னாளின் ராஜராஜ சோழன் என்பதும், அவர் மகன் ராஜேந்திரன் 1025இல் படை அனுப்பிய கடாரம் இன்றைய கெடா மாநிலம் என்பதும் இங்குள்ள தமிழர்களுக்குக் கூடுதல் ஆர்வத்தைத் தந்தன.

புத்தகமா, படமா என்ற இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் அப்போது இறந்து ஏறக்குறைய 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியைச் சினிமா அறியாத பழைய எழுத்தாளர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவருக்குத் திரையோடு இருந்த உறவு, எழுத்தோடு இருந்த உறவுக்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கது.

அவர் 1899 செப்டம்பர் 9ஆம் தேதி, மாயவரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் கிராமத்தில் பிறந்தார். தந்தை கிராமக் கணக்கர். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வு நெருங்கியிருந்த 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுப் படிப்பை விட்டார். அடுத்த ஆண்டு ஓராண்டுச் சிறை. வெளியே வந்தவருக்குத் திரு.வி.க. ஆசிரியராக இருந்த ‘நவசக்தி’யில் வேலை கிடைத்தது. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்கைப் பரப்பிய ‘விமோசனம்’ இதழுக்கு உதவினார். அங்கிருந்து எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’. தமிழ்நாடு அவரைக் ‘கல்கி’யாக அறிந்தது அங்கேதான். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் இசை விமர்சனம் எழுதினார். புதிதாக வந்துகொண்டிருந்த பேசும் படங்களையும் கிண்டல் கலந்து விமர்சித்தார். 1937இல் அவரது முதல் நாவலான ‘கள்வனின் காதலி’ விகடனில் தொடராக வந்தது.

அடுத்து நடந்தது தமிழில் அதுவரை இல்லாத ஏற்பாடு. ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த அதே காலத்தில், இயக்குநர் கே. சுப்ரமணியம் அதைப் படமாகவும் எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தொடருக்கு ஓவியர் படம் வரைவார். இதற்கோ, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களே அச்சாகின. வாசகர் சாவித்திரியைத் தம் விருப்பப்படி கற்பனை செய்ய இடமில்லை, எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகம் வாரந்தோறும் பக்கத்தில் இருந்தது. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன்தான். படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்ற கேள்வியையே அந்தத் தொடர் குழப்பிவிட்டது.

கதையும் லேசானதல்ல. புயலில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காக ஊரால் ஒதுக்கி வைக்கப்படும் அர்ச்சகர் சம்பு சாஸ்திரி. கணவனால் விரட்டப்பட்ட அவர் மகள் சாவித்திரி, பிறகு செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்புகிறாள். அப்போது உரிமை கேட்டு நீதிமன்றத்துக்கு வருகிறான் அதே கணவன். அவனோடு வாழ மறுக்கும் அவள், வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். 1939இல் ஒரு பெண் இதைச் சொல்வதை எழுத்தில் படிப்பது ஒன்று. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் அவள் வாயால் கேட்பது வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கொட்டகையில் இருந்தார். எழுத்து எட்டாத இடத்துக்குத் திரை போகும் என்பதைக் கல்கி அன்றே கண்டுகொண்டார் என்று சொல்லலாம்.

அரசாங்கமும் கண்டுகொண்டது. 1939 மே மாதம் படம் வெளியானபோது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. போர் தொடங்கி, அமைச்சரவை பதவி விலகியதும் நிலைமை மாறியது. காங்கிரஸ் பிரச்சாரம் நிறைந்த படம் என்று 1940இல் பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. தடை வரப்போகிற செய்தி தெரிந்ததும், சென்னை கெயிட்டி திரையரங்கில் படத்தை இலவசமாக ஓட்டினார்கள். கூட்டம் அலைமோதியது, போலீஸ் தடியடியில் முடிந்தது. படப்பெட்டியை முடக்கிவிடலாம். ஆனால் கதை, விகடன் இதழ்களாக ஏற்கெனவே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் படத்தின் பிரதி புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டதால் மிஞ்சியது. நாவலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எந்தத் தமிழ்ப் புத்தகக் கடையிலும் கேட்கலாம்.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்வதற்காகக் கல்கி விகடனை விட்டு விலகி, மூன்று மாதம் சிறையில் இருந்தார். விடுதலையானதும் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதற்கான முதல் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் போட்டுச் சம்பாதித்த பணம் அது. ஆக, தமிழின் மிகப் பெரிய சரித்திர நாவல்கள் வெளிவந்த பத்திரிகைக்கு அடித்தளம் இட்டது சினிமாப் பணம்! 1945இல் எம்.எஸ். நடித்த ‘மீரா’வுக்கு வசனத்திலும் பாடலிலும் கல்கியின் பேனா உழைத்தது.

ஆனால் தம் இதழில் சரித்திர நாவல்களை எழுதியபோது, அவர் திரையால் செய்ய முடியாத வேலைகளையே செய்தார். ‘பார்த்திபன் கனவு’ம் ‘சிவகாமியின் சபத’மும் முடிந்து, 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. மூன்றரை ஆண்டு ஓடியது. வந்தியத்தேவன் ஒரு வாரம் ஆபத்தில் மாட்டினால், அடுத்த இதழ் வரும்வரை வாசகரும் மாட்டிக்கொண்டிருப்பார். ஓவியர் மணியம் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தார் என்பது உண்மைதான். கல்கியோடு இலங்கைக்கும் போய்க் கோயிலையும் சிலையையும் பார்த்து வரைந்த முகங்கள் அவை. ஆனால் கோட்டோவியம் பேசாது, நடக்காது. மீதியை வாசகரிடம் விட்டுவிடும். ‘தியாகபூமி’யின் புகைப்படங்கள் எடுத்துக்கொண்ட உரிமையை மணியத்தின் தூரிகை திருப்பிக் கொடுத்தது.

1954 மே மாதம் தொடர் நிறைவடைந்தது. இன்னார் என்ன ஆனார், அவர் கதி என்ன என்று வாசகர் எழுப்பிய கேள்விகளுக்காக ஒரு முடிவுரையும் எழுத வேண்டியிருந்தது. சில மாதங்களில், டிசம்பர் 5ஆம் தேதி, காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 55. எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’வை மகள் ஆனந்திதான் முடித்தார். ‘அலை ஓசை’க்குக் கிடைத்த சாகித்ய அகாதமி விருது 1956இல் வந்தது, வாங்க அவர் இல்லை.

அவர் மறைந்த மறு ஆண்டே சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த ‘கள்வனின் காதலி’ வந்தது. 1960இல் ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா நடிப்பில் ‘பார்த்திபன் கனவு’. எழுத்துக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. நாவலில் ஒரு சிவனடியார் வருகிறார். அந்த வேடத்துக்குள் இருப்பவர் யார் என்பதைக் கல்கி கடைசிவரை மறைக்கிறார். காகிதத்தில் தாடியும் காவியும் என்று எழுதினால் போதும், ரகசியம் காப்பாற்றப்படும். திரையில் நடிகருக்கு முகமும் குரலும் உண்டு. ரசிகருக்கு அவை பழகியவை. எந்த இயக்குநராலும் அந்தத் தாடிக்குள் ஒரு நட்சத்திரத்தை முழுதாக ஒளித்துவைக்க முடியாது.

‘பொன்னியின் செல்வ’னைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1950களின் இறுதியில் உரிமை வாங்கினார், நடக்கவில்லை. இடையில் 1999இல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும் மலிவுப் பதிப்புகள் பெருகின. மணிரத்னம் 2022, 2023 என இரண்டு படங்களில், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து பாகங்களையும் அடக்கினார். நாவல் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் ஓர் இளைஞனோடு நிதானமாகத் தொடங்கும். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. வந்தியத்தேவனுக்காக உருகும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. அதே சமயம், நாவலில் நெடுநேரம் தொலைவிலேயே இருக்கும் ஆதித்த கரிகாலனின் வேதனையைப் படம் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததை மறுக்க முடியாது. அது திரை செய்த நன்மை.

சேந்தன் அமுதன் கதைதான் பெரிய இழப்பு. பூ மாலை கட்டித் தேவாரம் பாடும் அந்தச் சாதுவுக்காகக் கல்கி வைத்திருந்த திருப்பத்தைப் படம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அது என்ன என்று இங்கே சொல்வது நியாயமாகாது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு, அது ‘தியாகச் சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.