யானைக்கால் நோய் மாத்திரை தனியா வேலை செய்யாதா? யார் இந்த சுப்பாராவ்?

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் ‘டிஇசி’ மாத்திரையைப் பலருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் சென்னையில் டாக்டருக்குப் படித்த ஒருத்தர் இருக்கார்னு தெரியுமா?

யார் இவர்?

யெல்லப்பிரகத சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் பாஸ் பண்ணவே மூன்று முயற்சி. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து வயிற்று நோயால் இறந்துபோனார்கள். மருந்து கண்டுபிடிக்கணும்ங்கிற வெறி அங்கேதான் தொடங்கியது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அங்கி போட்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கடுப்பானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

1920-களில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். திரும்பி வரவேயில்லை. ஹார்வர்டில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, உடலின் சக்திக்கு அடிப்படையான ஏடிபி பற்றிய முக்கிய ஆய்வைச் செய்தார். அங்கே நிரந்தர வேலை கிடைக்காததால், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

புழு மருந்து எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஃபைலேரியா புழுத் தொற்றுக்கு ஆளானார்கள். சுப்பாராவ் தலைமையிலான லெடர்லி ஆராய்ச்சிப் பிரிவு மருந்து தேடியது. 1947-ல் டிஇசி வெளியே வந்தது.

இதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் புழு நம்ம நோய் எதிர்ப்பு சக்தியை மந்தமாக்கிவிட்டு, உடம்புக்குள்ளேயே வருஷக்கணக்கில் வாழும். ரத்தத்தில் லட்சக்கணக்கில் குஞ்சுப் புழுக்கள் இருந்தும் சிலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அவர்களைக் கடிக்கும் கொசு, தொற்றை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

ஆய்வகக் குடுவையில் டிஇசியால் குஞ்சுப் புழுக்களைப் பெரிதாகக் கொல்ல முடியவில்லை. உடம்புக்குள் போனால்தான் கதையே மாறுது. மருந்து பட்ட குஞ்சுப் புழுக்கள் கல்லீரலில் சிக்க, நம்ம எதிர்ப்பு செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. பூட்டு ஊரான திண்டுக்கல் பாஷையில் சொன்னா, இது இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. ஒரு சாவி மாத்திரை, இன்னொன்று நம்ம உடம்பு.

மாத்திரை போட்டதும் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வருவதும் இதனால்தான். செத்து விழும் புழுக்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது.

இப்போ நமக்கு என்ன?

மருந்து வந்த அடுத்த வருஷமே, 1948 ஆகஸ்ட்டில், 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டதே 1995-ல்தான்.

ஆனால் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் டிஇசி இன்றும் முக்கிய மருந்து. உங்க பகுதியில் இந்த மாத்திரையைக் கொடுக்க வந்தால், எனக்குத்தான் ஒண்ணுமில்லையேன்னு தட்டிக்கழிக்காதீங்க. கர்ப்பிணிகள், 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கடுமையான நோயாளிகள் தவிர மற்றவர்கள் போட்டுக்கணும். வீங்கிப்போன காலை மாத்திரையால் பழையபடி ஆக்க முடியாது. வீங்குறதுக்கு முன்னாடியே தடுக்கத்தான் அது.