இரண்டு கப்பல்கள், ஒரு வீரர்!

இங்கிலாந்துக்கா? ஜெர்மனிக்கா?

1936-ம் ஆண்டில் சென்னை வாலிபர் ஒருவர் முன் இந்தக் கேள்வி வந்து நின்றது.

இங்கிலாந்து செல்லும் இந்திய கிரிக்கெட் அணியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அதே சமயம், ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போகும் இந்திய ஆக்கி அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டமும் வந்தது. அந்த ஆண்டு ஒலிம்பிக், ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில்.

இரண்டு ஆட்டத்திலும் அவர் கெட்டிக்காரர். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்களில் ஏற முடியாதே!

அந்த வாலிபர்தான் எம்.ஜே.கோபாலன்.

ஏரி மாவட்டத்துப் பிள்ளை

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை இன்று போகிறவர்கள் பார்ப்பது தொழிற்சாலைகளைத்தான். கார், டயர், செல்போன் என்று ஒவ்வொரு மதில் சுவருக்குள்ளும் ஒரு தொழில். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரியும் வயலும்தான். அந்தப் பகுதி முழுவதும் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஏரிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் அது.

அதே மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கம்தான் கோபாலனின் சொந்த ஊர். 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் உள்ள "எம்" என்ற எழுத்து அந்தக் கிராமத்தைத்தான் குறிக்கிறது.

சிறு வயதிலேயே குடும்பம் சென்னைக்குக் குடிவந்தது. திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். பந்து வீசுவதில் பையனுக்கு ஆசை பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

சோறு போட்ட ஆட்டம்

அப்போது சென்னை கிரிக்கெட்டில் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் பெரிய புள்ளி. பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் அதிகாரி. கோபாலன் பந்து வீசுவதை அவர் பார்த்தார். ஓடி வரும் வேகமும், பந்து வளைந்து போகும் விதமும் அவருக்குப் பிடித்துவிட்டன. இந்தப் பையனை விடக்கூடாது என்று முடிவு செய்தார். பர்மா ஷெல்லிலேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார்.

இதைச் சாதாரண உதவி என்று நினைத்துவிடக் கூடாது. இன்று கிரிக்கெட் வீரர்களை ஏலம் போட்டுக் கோடிக் கணக்கில் பணம் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆட்டத்தை நம்பி அடுப்பு எரியாது. ராஜா வீட்டுப் பிள்ளை ஆடலாம், பணக்காரர் ஆடலாம். ஏழை வீட்டுப் பையன் ஆட வேண்டுமானால் மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை வேண்டும். ஆடுவதற்கு லீவு தரும் முதலாளியும் வேண்டும். கோபாலனுக்கு இரண்டும் கிடைத்தன.

இரண்டு ஆட்டம், ஒரே உடம்பு

கோபாலன் ஆக்கி மட்டையையும் எடுத்தார். அதிலும் முதல் வரிசைக்கு வந்தார்.

அக்காலத்து ஆக்கி அணியில் முன்னால் 5 பேர் நின்று கோல் போடப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் 3 பேர். அதற்கும் பின்னால் தடுப்பவர்கள் 2 பேர். கடைசியில் கோல் காப்பவர். நடுவில் நிற்கும் 3 பேரில் மத்தியில் இருப்பவருக்கு "சென்டர் ஹாப்" என்று பெயர். எதிரி முன்னேறினால் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் ஓடிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை அவருக்கு ஓய்வே கிடையாது.

கோபாலன் ஆடியது அந்த இடத்தில்தான். கிரிக்கெட்டிலோ வேகப்பந்து வீச்சு. இரண்டுமே உடம்பைப் பிழிந்து எடுக்கும் வேலை!

முதல் பந்து

1934-ம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம். இங்கிலாந்து அணிக்கு ஜார்டின் தலைவர். இந்திய அணிக்கு சி.கே.நாயுடு தலைவர். அதில் கோபாலன் ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்சில் ஆட்டம் இழக்காமல் 11 ரன்னும், இரண்டாவதில் 7 ரன்னும் எடுத்தார். பந்தயம் வெற்றி தோல்வி இன்றி முடிந்தது.

அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் இன்னொரு பெருமை அவருக்குக் காத்திருந்தது. இன்று நாடு முழுவதும் நடக்கும் ரஞ்சி கோப்பைப் போட்டியின் முதல் பந்தயம் அன்றுதான். சென்னைக்கும் மைசூருக்கும் மோதல். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்!

அந்தப் பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48 ரன்னிலும் 59 ரன்னிலும் சுருண்டது. சென்னை ஒரே இன்னிங்சில் எடுத்த 130 ரன்னே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

தயான்சந்துடன் கடல் பயணம்

1935-ம் ஆண்டு இந்திய ஆக்கி அணி நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. தலைவர், ஆக்கி மன்னன் தயான்சந்த். அந்த அணியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் இந்திய அணி ஆடியது 48 ஆட்டங்கள். போட்ட கோல்கள் 584. தயான்சந்த் மட்டும் 201 கோல் போட்டார். எதிரிகளால் இந்தியாவுக்கு எதிராக 40 கோல்தான் போட முடிந்தது.

கிரிக்கெட், ஆக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் கோபாலனும் சேர்ந்துவிட்டார். உலகிலேயே சிறந்த ஆக்கி அணியுடன் பழகியும் விட்டார். அடுத்தது பெர்லின் ஒலிம்பிக்.

அந்த நேரத்தில்தான் இங்கிலாந்து செல்ல அழைப்பு வந்தது.

விதி செய்த விளையாட்டு

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆக்கி தேர்வு ஆட்டத்துக்குப் போகவில்லை.

இங்கிலாந்தில் 3 டெஸ்ட் பந்தயங்கள் நடந்தன. ஒன்றில்கூட கோபாலனை ஆட விடவில்லை. அணிக்குள்ளே சச்சரவு வேறு. அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். 2 பந்தயங்களில் இந்தியா தோற்றது.

பெர்லினில் நடந்ததோ வேறு கதை. ஆகஸ்டு 15-ந் தேதி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை இந்தியா 8-1 என்ற கோல் கணக்கில் முறியடித்தது. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு!

அதே ஆகஸ்டு 15-ந் தேதிதான் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஆடும் 11 பேரில் கோபாலன் பெயர் இல்லை. அவர் ஏறாத கப்பல் தங்கத்தோடு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடவே இல்லை. டெஸ்ட் ஏட்டில் அவர் கணக்கு ஒரு பந்தயம், ஒரு விக்கெட், 18 ரன். அவ்வளவுதான்.

பெயரைத் தாங்கிய கோப்பை

இன்னொருவராக இருந்தால் மனம் உடைந்து மைதானத்தை விட்டே போயிருப்பார். கோபாலன் போகவில்லை. 1950-ம் ஆண்டைத் தாண்டியும் சென்னைக்காக ஆடினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம்பெற்றார். தேர்வின் நல்லதையும் கெட்டதையும் அனுபவித்தவர், மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கிரிக்கெட்டில் 25 ஆண்டுகள் ஆடியதைச் சிறப்பிக்க ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த கோபாலன் கோப்பைப் போட்டி அது. 1953-ம் ஆண்டு தொடங்கியது. இலங்கை அப்போது டெஸ்ட் ஆடும் நாடாக இல்லை. 1982-ல்தான் அது முதல் டெஸ்ட் ஆடியது. அதுவரை இலங்கை வாலிபர்கள் வெளியூர் அணியுடன் மோதிப் பழக, இந்தக் கோப்பை ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

தமக்குக் கிடைக்காத வாய்ப்புக்கு, அடுத்த தலைமுறை தயாராவதைக் கோபாலன் கண்ணால் கண்டார்.

2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, 94-வது வயதில் சென்னையில் காலமானார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே விளையாட்டிலும் முன்னேற ஆசைப்படும் வாலிபர்கள் இன்றும் இருப்பார்கள். அவர்கள் முன்னும் ஒருநாள் இரண்டு கப்பல்கள் வந்து நிற்கலாம். எந்தக் கப்பலில் தங்கம் இருக்கிறது என்று கரையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. ஏறிய கப்பல் ஏமாற்றினாலும், இறங்கி வந்து மறுபடி மைதானத்துக்குப் போகலாம். அதைத்தான் மொறப்பாக்கம் கோபாலன் செய்தார்.