கேட்பார் இல்லாத நாளில் உழைத்தவர்

நம் பள்ளி மாணவச் செல்வங்களின் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய காலத்தில், அவர்களுடைய வேலை விடியற்காலையில் தொடங்கிற்று என்பர். உண்மையில் அது முதல் நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். எம் தந்தையார் உளியைத் தீட்டி, நகத்தில் வைத்துக் கூர் பார்த்து, வாளிகளைக் கழுவிக் கவிழ்த்த பின்னரே உணவுண்ண அமர்வார். மழுங்கிய உளியோடு நிரைக்குச் செல்பவர் மரத்தையும் காயப்படுத்துவார். பாலும் குறைவாகவே கொணர்வார். பட்டையை மெல்லியதாகச் சீவும் அந்த வெட்டுமுறை தானாக வந்ததன்று. அதனை ஆராய்ந்து வகுத்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் தாவரவியல் அறிஞரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் கூற விரும்புகின்றோம்.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கற்று, இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரப் பிரிவில் பணியாற்றி, 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்பே பால்மரங்கள் அங்கு வந்திருந்தன. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை 2,700 அளவே. அந்த வழியில் வந்த கன்றுகளுள் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சில அங்கும், சில பேராவின் கோலாகங்சாரிலும் நடப்பட்டன. மரங்கள் வளர்ந்தன; ஆனால் நாடுவார் இலர். மலாயாவின் துரைமார்களுக்கு அந்நாளில் காப்பியே கண்ணாக இருந்தது.

ரிட்லி அம்மரங்களைக் கைவிடவில்லை. பிரேசிலில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்து வந்தனர். ஆழமாக விழும் கொத்து, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலத்தைக் கெடுத்துவிடும். பிறகு அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகவே பட்டை வளரும். ரிட்லி 1890களில் ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டிப் பார்த்தார். சாய்வான கோடாகப் பட்டையைச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பைப் புதுப்பித்தால் பால் முன்னிலும் மிகுவதைக் கண்டார். சீவிய இடத்தில் பட்டையும் மீண்டும் வளர்ந்தது. வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் நன்கு வடிவதையும் அறிந்தார். இத்தனையும் அவர் அறிந்து வைத்தபோது, அதைக் கேட்டு வந்தவர் எவருமிலர் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பால்மர விதை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழக்கும். ஆகவே சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு, காணும் தோட்டக்காரரிடமெல்லாம் நடுமாறு வற்புறுத்தினார். பித்துப் பிடித்தவர் என்று பலர் ஏளனம் செய்தனர். செவிசாய்த்தவர் சிலரே. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்டார். நம் சிலாங்கூரில், காஜாங்கை அடுத்த இன்ச் கென்னத் தோட்டத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் நட்டனர்.

பின்னர், பிரேசிலின் மிகை விளைச்சலால் காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. 1910இல் ரப்பர் விலை உச்சத்தை எட்டியது. பால்மரமோ, நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே வெட்டுக்கு வரும். தேவை வந்த பிறகு விதை தேடப் புறப்பட்டிருந்தால் சந்தை பிறர் கைக்குப் போயிருக்கும். விதையும் வெட்டுமுறையும் கைவசம் இருந்தமையால், 1920ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் செல்வது முறையன்று. மரத்திற்குச் செய்த முன்னேற்பாடு மனிதருக்குச் செய்யப்படவில்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், காடழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சலால் திரளாக மாண்டனர். கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதலே சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டியிருந்தார். வழி தெரிந்திருந்தும், பல தோட்டங்களில் வடிகாலும் மருந்தும் சாவுகள் மிகுந்த பின்னரே வந்தன. இதனை ரிட்லியின் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவர் புகழ் பேசுமிடத்தில் அவர்களையும் நினைப்பது நம் கடமை.

சிங்கப்பூரில் இருபதாண்டுகளுக்கும் மேலாக ரிட்லி செடிகளைச் சேகரித்து உலர்த்திக் குறிப்பெழுதி வந்தார். ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியபின், அந்த உழைப்பைக் கொண்டு மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதி, 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். நூறு வயது நிறைந்து, 1956 அக்டோபர் 24ஆம் நாள் மறைந்தார். மலாயா விடுதலை பெற அப்பொழுது பத்துத் திங்களே இருந்தன.

கோலா குபு பாரு வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுதி. உளி பிடித்த கைகள் குறைந்துவிட்டன. முதற்கன்றுகளுள் ஒன்றெனக் கூறப்படும் மரம் கோலாகங்சாரில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. பெற்றோர் அவ்வழியே செல்ல நேர்ந்தால் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுக. தாத்தாவோ பாட்டியோ உடன் வந்தால், கோடு எங்கே தொடங்கி எங்கே இறங்கும் என்று அந்தப் பட்டையின் மேல் விரலால் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.